ஃபோர்மட் பண்ணாமலே உபுண்டுவ மீட்டெடுத்த கதை

தங்கச்சின்ட லப்டொப்ப (விண்டோஸுக்குப் பதிலா உபுண்டு எண்ட இலவச ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஓடுறது) பம்பலப்பிட்டியில ஒரு கடையில குடுத்தது டிஸ்க் நிரம்பீட்டுது, கொஞ்சம் இடம் எடுத்துத் தாங்கோ எண்டு மட்டும்தான். திருப்பித் தரேக்க கறுப்பு ஸ்க்ரீன். கேட்டா "சிஸ்டம் அடிபட்டுட்டுது, ஃபோர்மட்தான், டேட்டாக்கு நாங்க பொறுப்பில்ல" எண்டாங்கள். அவளின்ட ஃபைனல் இயர் ப்ரொஜெக்ட் முழுக்க அதுக்குள்ள. வெள்ளவத்தைக்குத் திரும்பி வரும்வரைக்கும் பஸ்ஸில அழுதுகொண்டே வந்தாள், அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகேல்ல.

உங்களுக்கும் யாராவது ஃபோர்மட் எண்டு சொன்னா உடன தலையாட்டாதேங்கோ. கண்ட்ரோல், ஓல்ட், எஃப்3 மூண்டையும் சேர்த்து அமத்துங்கோ, டெஸ்க்டொப் செத்திருந்தாலும் பெரும்பாலும் வெறும் எழுத்தில லொகின் கேக்கும். உள்ள போய்ப் பாத்தா ப்ரொஜெக்ட் ஃபோல்டர் அப்படியே இருந்தது! ஆப்டால (உபுண்டுவில சொஃப்ட்வெயார் போடுற, அழிக்கிற டூல்) பக்கேஜ், அதாவது ஒரு சொஃப்ட்வெயார், அழிச்சா எங்கட ஃபைல் இருக்கிற ஹோம் ஃபோல்டர்ல ஒண்டும் போகாது, இத அந்தக் கடைக்காரர் தெரிஞ்சிருக்கோணும். முதல் வேலையா பென் ட்ரைவ்ல கொப்பி எடுத்தன்.

பிறகு வார் - லொக் - ஆப்ட் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஹிஸ்டரி லொக்க (ஆப்ட் செஞ்சதெல்லாம் பதிஞ்சிருக்கிற ஃபைல்) திறந்தன். எல்லாம் அதில கிடந்தது. கொமாண்ட்லைன் எண்ட வரியில "ஆப்ட் ரிமூவ் மைனஸ் ஒய் பைத்தன்3.10". பைத்தன் எண்டது ஒரு ப்ரோக்ராமிங் மொழி, ப்ரொஜெக்ட்டுக்கு அவள் அதின்ட 3.11 பதிப்பப் போட்டிருந்தாள், ரெண்டையும் கண்டிட்டு பழசு வீணா இடம் பிடிக்குது எண்டு தூக்கியிருக்கினம் போல. ஆனா உபுண்டு 22.04 ஓடுறதே அந்த 3.10ல, சிஸ்டத்தின்ட கன டூல்ஸ் அதுலதான் எழுதியிருக்கு, அத எடுத்தா அதில தங்கியிருக்கிற எல்லாம் சேர்ந்து போகும். கீழ ரிமூவ் எண்ட வரி ஸ்க்ரீன் நிறைய ஓடுது, உபுண்டு-டெஸ்க்டொப், உபுண்டு-மினிமல் எண்டு. மைனஸ் ஒய் போட்டா "ஓமோ இல்லையோ" எண்டு ஒரு கேள்வியும் கேக்காது. இன்னொண்டு, ஒவ்வொரு என்ட்ரியிலயும் ஸ்டார்ட்-டேட், எண்ட்-டேட் ரெண்டும் இருக்கோணும், இதில எண்ட்-டேட்டே இல்ல. அதாவது வேலை முடிய முந்தி இடையில நிண்டிருக்கு, ஓடிக்கொண்டிருக்கேக்க பவர் பட்டன அமத்தியிருப்பினம் போல.

ஃபோன யூஎஸ்பில குத்தி டெதரிங் போட்டன், நெட் உடன வந்தது. இன்ஸ்டோல் அடிச்சா "டிபிகேஜி இடையில நிண்டுட்டுது" எண்டு எரர் (ஆப்டுக்குப் பின்னால இருந்து பக்கேஜ போடுறதும் எடுக்கிறதும் டிபிகேஜிதான்). அதுக்கு அந்த எரரே சொல்ற மாதிரி டிபிகேஜி, கொன்ஃபிகர், மைனஸ் ஏ, பிறகு ஆப்ட் ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டோல். இந்த இடத்தில கவனம், ஃபிக்ஸ் எண்டு பேர் இருந்தாலும் சிலநேரம் அது இன்னும் கொஞ்சத்த அழிக்கப் பாக்கும், லிஸ்ட்ட வாசிக்காம ஒய் அடிக்க வேணாம். பிறகு உபுண்டு-டெஸ்க்டொப், உபுண்டு-மினிமல் ரெண்டையும் இன்ஸ்டோல் பண்ணி, லொக்ல இருந்த மிச்சப் பேருகளையும் பாத்துப் பாத்துப் போட்டு ரீபூட். லொகின் ஸ்க்ரீன் வந்ததும் "அண்ணா வந்திட்டு" எண்டு அவள் போட்ட சத்தம் பக்கத்து ஃப்ளட்டுக்கே கேட்டிருக்கும்.

கன நாளுக்கு முந்தி நடந்ததெண்டா லொக் சுருக்கி ஜிஇசட் ஃபைலா கிடக்கும், இசட்லெஸ் எண்ட கொமாண்ட் போட்டா வாசிக்கலாம். எதையும் அழிக்க முந்தி அந்த ஆப்ட் கொமாண்டோட மைனஸ் எஸ் போட்டுப் பாருங்கோ, ஒண்டையும் தொடாம என்னென்ன போகும் எண்டு மட்டும் காட்டும். ரிமூவ் போட்டா கொன்ஃபிக் ஃபைல் மிஞ்சும், டிபிகேஜி லிஸ்ட்ல ஆர்சி எண்டு நிக்கிறது அதுதான், அதையும் எடுக்கோணும் எண்டா பர்ஜ்.

இடம்தானே கேட்டது? ஆப்ட் க்ளீன் அடிச்சன், டவுன்லோட் ஆகிக் கிடந்த பழைய பக்கேஜ் எல்லாம் போச்சு. ஆப்ட் ஓட்டோரிமூவ லிஸ்ட்ட வாசிச்சிட்டு அடிச்சன், பழைய கேர்னலும் (சிஸ்டத்தின்ட மையப் பகுதி) போச்சு. அவளுக்குத் தேவையான இடம் அதிலயே வந்திட்டுது.