சேந்தமங்கலத்துச் சாரா

அக்கா மகளுக்கு எழுத்தறிவிக்க வடக்கன் பரவூர் தட்சிண மூகாம்பிகை கோயிலுக்குப் போயிருந்தோம். கோவையிலிருந்து ஆலுவா வரை ரயில், பிறகு பஸ். தாமரைக் குளத்துக்கு நடுவே சரஸ்வதி. விஜயதசமிக் கூட்டத்துக்குப் பயந்து சாதாரண நாளில் போனது நல்லதாயிற்று. பச்சரிசியில் விரலைப் பிடித்து எழுதவைத்ததும் குட்டி அழுது ஊரைக் கூட்டினாள். விரலில் ஒட்டிய அரிசியை மட்டும் ஒன்றுவிடாமல் தின்றுவிட்டாள்.

ரயிலுக்கு நேரம் கிடந்தது. "பக்கத்துல யூதர் கோயில் ஒண்ணு இருக்கும்மா" என்றேன். "அங்க நமக்கென்ன வேலை?" என்று கேட்டாலும் அம்மாதான் முதலில் ஆட்டோவில் ஏறினாள்.

சேந்தமங்கலம். நாமக்கல் பக்கத்து ஊர் இல்லை. பெரியாற்றங்கரையில், கைத்தறிக்குப் பேர்போன ஊர். ஜெப ஆலயத்துக்கு முன்னால் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது, ஏறக்குறைய நம் ஊர் நடுகல்போல. இஸ்ரயேலின் மகள் சாராவின் கல், ஆண்டு 1269. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் பட்டத்துக்கு வந்த மறு ஆண்டு! இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்லெழுத்துகளில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். கேரள யூதர் என்றால் எல்லோரும் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் வட்டெழுத்தில் கொடுத்த செப்பேட்டைத்தான் பேசுவார்கள். அவர்களுடைய சொந்த எழுத்தில் இங்கே முதலில் நிற்பது ஒரு பெண்ணின் பெயர். அதைச் சொல்ல ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை.

உள்ளே வழிபாடு நின்று பல காலமாகிவிட்டது, இப்போது அருங்காட்சியகம். கூடத்தின் நடுவே ஒரு வாசிப்பு மேடை. மாடியிலும் ஒன்று. இப்படி இரண்டு மேடை வைப்பது கேரளத்து ஜெப ஆலயங்களுக்கே உரிய வழக்கம். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் அவர்களுடைய வேதமான தோராவை மாடி மேடையிலிருந்துதான் வாசிப்பார்களாம். அந்த மேடைக்குப் பின்னால் மரக் கிராதி, கிராதிக்குப் பின்னால் பெண்கள்.

மரப்படி ஏறிப்போய்க் கிராதிக் கட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். கீழே கூடம் துண்டு துண்டாகத் தெரிந்தது. வாசிப்பு மேடையோ கையெட்டும் தூரத்தில். தடுப்பு தடுப்புதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனாலும் கீழே உட்கார்ந்த ஆண்களைவிட வேத வாசகம் இவர்கள் காதில்தான் கிட்டத்தில் விழுந்திருக்கும்.

கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்களும் இல்லை. இந்தச் சமூகத்தில் பெண் குழந்தைகளுக்கும் எபிரேயம் சொல்லிக்கொடுத்தார்கள். யூத மரபில் பெண்கள் பாடுவதை ஆண்கள் கேட்கக் கூடாது என்று விலக்குவோர் பல இடங்களில் உண்டு. கேரளத்தில் கல்யாண வீட்டில் ஆண்கள் இருக்கும்போதே பெண்கள் கூடிப் பாடினார்கள். மலையாளப் பாட்டுகள்: வேதாகமக் கதை, மணப்பெண்ணின் அழகு, ஜெப ஆலயம் எழும்பிய வரலாறு, கிளியைக் கூப்பிட்டுப் பாடும் பாட்டு. கல்யாணத்தில் தாலியும் உண்டு! பாட்டுகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். பாட்டி நோட்டைப் பார்த்துப் பேத்தி தன் நோட்டில் எழுதிக்கொள்வாள். இப்படி எத்தனையோ தலைமுறை.

1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது நோட்டுகளும் கூடவே போயின. ஆராய்ச்சியாளர்கள் பின்னாளில் இந்தப் பாட்டுகளைத் தேடித் திரட்டியபோது கைகொடுத்தவை அந்த நோட்டுகளும், பாட்டு மறக்காத கிழவிகளும்தான்.

சாமான் கட்டும் அவசரத்தில் பாட்டு நோட்டைத் தேடி எடுத்து வைத்தவளை நினைத்துக்கொண்டே படியிறங்கினேன். காலையில் அரிசியில் எழுதிய குட்டி என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தால் அம்மா சாராவின் கல்லுக்கு முன் நிற்கிறாள். மூகாம்பிகை பிரசாதப் பூவில் பாதியை அடியில் வைத்திருந்தாள். எனக்குத் திக்கென்றது. காவலாளிச் சேட்டன் சிரித்தார். "அவங்க பூ வைக்கிற வழக்கம் இல்ல அம்மே. கல்லுதான் வைப்பாங்க."

அம்மா பூவை எடுக்கவில்லை. வாசல் மண்ணில் குனிந்து, உருண்டையாக ஒரு கூழாங்கல்லைத் தேடி, முந்தானையில் துடைத்து, பூவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கைத்தறி எங்கப்பா விக்கும்?" என்று அவரிடமே கேட்டாள்.