மெர்போக் மலையடியில் சாமி இல்லாத கோயில்

பினாங்கில் குழாயைத் திறந்தால் வருவது பெரும்பாலும் மூடா ஆற்றுத் தண்ணீர்தான். அந்த ஆற்றைத் தாண்டினால் கெடா மாநிலம், அதாவது நம் பழைய கடாரம். நெடுஞ்சாலையில் போயிருந்தால், பழங்காலக் கோயில்களைத் தோண்டியெடுத்த பூஜாங் பள்ளத்தாக்குக்குச் சீக்கிரம் போயிருக்கலாம். அத்தைக்கு வயலைப் பார்த்துக்கொண்டே வர வேண்டுமாம். சரி என்று பட்டர்வொர்த்திலிருந்து பும்போங் லீமா வழியாகப் பழைய சாலையைப் பிடித்தோம்.

கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. வாய்க்கால் ஓரமெல்லாம் கொக்குகள். அறுவடை இயந்திரம் ஒன்று சாலையை அடைத்துக்கொண்டு முன்னால் போக, அத்தை அதற்கும் ஒரு கும்பிடு போட்டார். "அங்க நடவு நட்ட சனம், இங்க வந்து பால்மரம் வெட்டுச்சு" என்றார். பால்மரம் வெட்டுவது என்றால் ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பது. பீடோங் பக்கம் வந்ததும் அவர் சொன்னது கண்ணெதிரே தெரிந்தது. ஆனால் பால்மரம் நின்ற தோட்டங்கள் பலவற்றில் இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை.

செமலிங் தாண்டியதும் ஜெராய் மலை முழுசாக எதிரே வந்து நிற்கிறது. உயரம் 1,217 மீட்டர்தான். ஆனால் கடலோரச் சமவெளியில் தனியாக எழுந்து நிற்பதால் அந்தக் காலத்துக் கப்பல்காரர்களுக்கு இதுதான் அடையாளம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் மெர்போக் ஆறும் சதுப்பு நிலக் காட்டுக்குள் புகுந்து கடலில் கலக்கின்றன. குடிநீர், நெல், கப்பல் ஒதுங்க இடம் என்று எல்லாம் ஒரே இடத்தில். ஊர் உண்டானதில் என்ன அதிசயம்!

நாங்கள் பார்க்க வந்த கோயிலின் பெயர் சண்டி புக்கிட் பத்து பகாட்; 'சண்டி' என்றால் மலாயில் பழங்காலக் கோயில். மெர்போக் ஊரில் அருங்காட்சியகத்தை ஒட்டி, ஓடைக்கரையில் இருக்கிறது. 1936-37இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் தோண்டிப் பார்த்த இடம். சிதறிக் கிடந்த கற்களை 1959-60இல் மறுபடி அடுக்கி எடுத்துக் கட்டினார்கள். சிவன் கோயிலாக இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. கருவறைப் பீடமும் முன்மண்டபத் தரையும் கருங்கல். மண்டபத்துத் தூண்கள் மட்டும் மரத்தால் ஆனவையாம். அவை எப்போதோ மட்கிப்போய், தூண் நின்ற அடிக்கற்கள் மிச்சம் இருக்கின்றன. ஒரு கல்லின் குழியில் முந்தின நாள் மழைநீர் தேங்கியிருந்தது, அதில் தலைப்பிரட்டைகள்.

இங்கே வரும் நம்மவர்கள் உடனே ராஜேந்திர சோழனை இழுத்துவிடுவார்கள். 1025இல் அவன் கடற்படை கடாரத்தைத் தாக்கியது உண்மை. ஆனால் படையெடுத்து வந்தவனுக்கு உட்கார்ந்து கோயில் கட்ட நேரம் ஏது? இந்த மழைக்கும் இந்தக் காட்டு மரத்துக்கும் பழகிய உள்ளூர்க் கைகள் எழுப்பியது என்றே எனக்குப் படுகிறது. வணிகர்கள் தெய்வத்தையும் வழிபாட்டு முறையையும் கொண்டுவந்திருக்கலாம். அதுவே பெரிய விஷயம்தானே.

"சாமி எங்கப்பா?" என்றார் அத்தை.

"இல்லை அத்தை. பீடம் மட்டுந்தான்."

"பீடம் இருக்குல்ல, அப்புறம் என்ன?" செருப்பைக் கழற்றிவிட்டு வலம் வந்தார். பூசை இல்லாத இடம், அதனால் சூடம் ஏற்றவில்லை. சுற்றுலா வந்த மலாய்க் குடும்பம் ஒன்று அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள்; மதியத்துக்கு மேல் மலை மேகத்தை இழுத்துவிடும், கல் வழுக்கும். பிள்ளைகள் இருந்தால் பக்கத்திலேயே தூப்பா அருவி இருக்கிறது.

திரும்பும்போது சுங்கைப்பட்டாணி முருகன் கோயிலுக்குப் போனோம். பேரப்பிள்ளைகள் அத்தனை பேரின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஒப்பிக்காமல் அத்தை அர்ச்சனைச் சீட்டு வாங்கியதே கிடையாது. அன்றைக்கு மட்டும், "மெர்போக்குல பாத்த சாமி பேருக்குப் பண்ணிடுங்க ஐயரே" என்றார்.