மினிமம் டியூ கட்டினா போதும்னு நினைக்கிறவங்களுக்கு

ஊர்ல ஒருத்தர் மூணு வட்டிக்கு கடன் வாங்கியிருக்கார்னு கேள்விப்பட்டாலே பாவம் மாட்டிக்கிட்டாரேன்னு சொல்லுவோம், ஆனா நம்ம பர்ஸ்ல இருக்குற கிரெடிட் கார்டுல நிறைய மூணரை வட்டி, மூணேமுக்கால் வட்டின்னுதான் ஓடுது. வருஷக் கணக்குல 42 முதல் 45 சதவீதம், அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற.

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி பில்லைக் காட்டி, "அண்ணே, டைமுக்குள்ளதான் கட்டினேன், ஏன் ஏறியிருக்கு"ன்னு கேட்டான். ஜூலை 15 அன்னிக்கு 40,000க்கு ஃப்ரிட்ஜ் வாங்கியிருக்கான், ஆகஸ்ட் 10 பில் வந்துச்சு, கடைசி தேதி 30. அன்னிக்கே மினிமம் டியூ, அதாவது குறைஞ்சது இவ்வளவாவது கட்டுங்கன்னு பில்லுல போட்டிருக்குற தொகை, 2,000 கட்டிட்டான். வேற எதுவும் வாங்கல. செப்டம்பர் 10 பில்லுல 41,066 நிக்குது!

முழுசா கட்டலேன்னா வட்டி கடைசி தேதியில இருந்து ஆரம்பிக்காது, பொருள் வாங்கின நாள்ல இருந்தே போடுவாங்க, நிறைய பேருக்கு இது தெரியல. மூணரை வட்டி கணக்குல, வாங்கின நாள்ல இருந்து 40,000க்கு 46 நாள் வட்டி 2,117, மிச்சம் 38,000க்கு 11 நாள் வட்டி 481, ரெண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 468. கட்டின 2,000 போக அசலுக்கு மேலயே போயிடுச்சு. மினிமம் டியூ கட்டினா லேட் ஃபீ வராது, நம்ம கடன் வரலாறைப் பதிவு பண்ற சிபில்ல டிலேன்னு விழாது, அவ்ளோதான், வட்டியை அது தடுக்கவே தடுக்காது. இன்னொண்ணு, பாக்கி இருக்குற வரைக்கும் புதுசா வாங்குற மளிகை, பெட்ரோலுக்கும் அந்த நாப்பது அம்பது நாள் வட்டியில்லா டைம் கிடையாது, வாங்கின அன்னிக்கே மீட்டர் ஓட ஆரம்பிச்சுடும்.

ஏடிஎம்ல கார்டைப் போட்டு கேஷ் எடுக்கறதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன், அதுக்கு ஃப்ரீ டைமே இல்ல, ஃபீஸும் தனி.

கோர்ட்டு காப்பாத்தும்னும் இருக்க முடியாது. கார்டு பாக்கிக்கு வருஷம் 30 சதவீதத்துக்கு மேல வட்டி வாங்கக்கூடாதுன்னு 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. ரிசர்வ் வங்கி 2022ல கொண்டுவந்த விதியில கடைசி தேதி தாண்டி மூணு நாளுக்கு மேல போனாத்தான் லேட் ஃபீ, பில் தேதியை ஒரு தடவையாவது நம்ம வசதிக்கு மாத்திக்கலாம், இதெல்லாம் நல்ல விஷயம். சம்பளம் ஒண்ணாம் தேதி வர்றவங்க கடைசி தேதி அஞ்சு, ஆறுல விழுற மாதிரி மாத்திக்கோங்க, கைல காசு இருக்கும்போதே பில் முடிஞ்சிடும்.

ஆட்டோபே போட்டிருக்கோம்னு நிம்மதியா இருக்கறவங்க இன்னிக்கே ஆப்பைத் திறந்து பாருங்க, அதுல டோட்டல் டியூ, மினிமம் டியூன்னு ரெண்டு ஆப்ஷன் இருக்கும், டோட்டல்தான் டிக் ஆகியிருக்கணும்.

ஏற்கனவே பாக்கில மாட்டினவங்க முதல்ல அந்த கார்டைத் தேய்க்கறதை நிறுத்துங்க, யூபிஐல இணைச்சிருந்தா அதையும் எடுத்துடுங்க. வீட்ல நகை இருந்தா பேங்க்ல வச்சு கார்டை அடைக்கறது எவ்வளவோ மேல், நகைக்கடன் வட்டி கார்டு வட்டில பாதி கூட வராது. நகை இல்லேன்னா பேங்குக்கு போன் பண்ணி பாக்கியை இஎம்ஐயா மாத்தித் தரச் சொல்லுங்க, என்ன வட்டி, ப்ராசஸிங் ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டுட்டு அப்புறமா சரின்னு சொல்லுங்க.