பத்து டாலர் கிளிஞ்சல்கள்: பாஸ்டனிலும் சேலத்திலும் பழைய மரச்சாமான் பார்த்த கதை

மாசசூசெட்ஸில் இருக்கும் சேலத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் 1692இன் சூனியக்காரி வழக்குகளுக்காகத்தான் போகிறார்கள், அதிலும் அக்டோபர் என்றால் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. நான் போனது மேசை, நாற்காலி பார்க்க. உங்களுக்கும் அந்தப் பைத்தியம் உண்டென்றால் முதலில் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய்விடுங்கள். சேலத்துப் பணக்காரர் வீட்டு நல்ல சாமான்களில் ஒரு பங்கு இப்போது அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சாமான்களின் பாணி, ஃபெடரல் பாணி என்பார்கள், வந்த கதை வேடிக்கையானது. எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பெய் நகரத்தைத் தோண்டியெடுத்த பிறகு ஐரோப்பா முழுக்க ரோமானிய மோகம் பிடித்தது. வளைந்த காலும் கனமான செதுக்கலும் போய், கீழே வரவரச் சிறுக்கும் நேரான கால், தட்டையான முகப்பு, வேறு நிற மரத்துண்டுகளை மெல்லிசாகப் பதிக்கிற வேலை எல்லாம் வந்தன. அமெரிக்கர்கள் இங்கிலாந்தோடு சண்டை போட்டுப் பிரிந்த கையோடு, ஹெப்பிள்வைட், ஷெரட்டன் என்று லண்டன்காரர்கள் போட்ட மரச்சாமான் வடிவமைப்புப் புத்தகங்களையே புரட்டிக்கொண்டிருந்தார்கள். அரசியல் வேறு, வரவேற்பறை வேறு போல.

பாஸ்டனில் நான் அதிக நேரம் நின்றது ஒரு அரைவட்ட அலமாரிக்கு முன்னால். 1809இல் தாமஸ் சீமோர் பட்டறையில் செய்தது. இவரும் அப்பா ஜானும் இங்கிலாந்தின் ஆக்ஸ்மின்ஸ்டரிலிருந்து 1784இல் கப்பலேறி, மெய்ன் கடற்கரையில் சில வருஷம் தள்ளிவிட்டு 1793இல் பாஸ்டன் வந்தவர்கள். அலமாரியின் மேல்பலகையில் கருஞ்சிவப்பு மகோகனியும் வெளிர்மஞ்சள் சாட்டின்வுட்டும் மாறி மாறி விசிறி மடிப்பு மாதிரி விரிகின்றன. சாட்டின்வுட் அன்றைய சந்தைக்கு மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்தது, இலங்கை, தென்னிந்தியப் பக்கமிருந்தும் வந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் கதவு நிலைக்குப் போடுகிற முதிரைதான் அந்த ஆசிய மரம். மேலே ஒட்டுகிற இந்த மெல்லிய மரத் தகட்டை, அதாவது வெனீரை, அன்று கையால் அறுத்தார்கள். ஒரு துண்டு கோணம் பிசகினால் மொத்த விசிறியும் கோணலாகிவிடும், எனவே எங்காவது இடைவெளி தெரிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன், காவலாளி ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

விசிறியின் நடுவில் கடல் கிளிஞ்சல்கள் வரைந்திருக்கிறது. அதை வரைந்தவர் சீமோர் இல்லை, ஜான் ரிட்டோ பென்னிமன் என்ற ஓவியர். இது எப்படித் தெரியும் என்றால், பில் பிழைத்திருக்கிறது! அலமாரிக்கு 80 டாலர், கிளிஞ்சல் வரைந்ததற்கு 10 டாலர், செதுக்கியவருக்குத் தனிக்கூலி. எனக்கு அந்த அலமாரியைவிட இந்த பில்தான் பிடித்தது. மற்ற சாமான்களுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே ஒரு பட்டறைப் பெயர்தான் மிஞ்சியிருக்கிறது. வெனீர் அறுத்தவன், கால் கடைந்தவன், பாலிஷ் போட்டவன் யாரென்று யாரும் எழுதி வைக்கவில்லை.

வாங்கியது எலிசபெத் டெர்பி. சேலத்தின் பெரிய கப்பல் முதலாளி இலையாஸ் ஹாஸ்கெட் டெர்பியின் மகள். கப்பல் தலைவரான புருஷனை 1806இல் ஊரே வேடிக்கை பார்க்க விவாகரத்து செய்தார், அப்புறமும் ஓக் ஹில் என்ற தன் மாளிகைக்குச் சாமான் வாங்கிக் குவித்தார். எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடித்துவிட்டது. ஓக் ஹில்லின் மூன்று அறைகளை அப்படியே பெயர்த்து அருங்காட்சியகத்துக்குள் வைத்திருக்கிறார்கள்.

பாஸ்டன் நார்த் ஸ்டேஷனில் ரயில் பிடித்தால் அரை மணி நேரத்தில் சேலம். அங்கே சாமுவேல் மெக்கின்டயர்தான் எல்லாம். தச்சர் குடும்பத்தில் 1757இல் பிறந்து, வீடு கட்டி, கதவு முகப்பு செதுக்கி, சோபா முதுகில் பழக்கூடையும் திராட்சைக் கொத்தும் கோதுமைக் கதிரும் கொத்தியவர். எசெக்ஸ் தெருவில் அவர் வடிவமைத்த கார்ட்னர்-பிங்க்ரீ வீடு 1805 வாக்கில் முடிந்தது. மூன்று மாடிச் செங்கல் வீடு, வெளியே பரம சாது. 1830இல் ஜோசப் வைட் என்ற முதியவரைப் படுக்கையிலேயே கொன்றது இந்த வீட்டில்தான் என்பதால், மர வேலையைப் பார்ப்பவர்களைவிடக் கொலைக் கதை கேட்பவர்கள் இங்கே அதிகம். மெக்கின்டயரின் செதுக்கலைச் சுற்றியுள்ள பின்னணித் தளத்தில் நட்சத்திர வடிவ முளையால் அடித்த புள்ளிகள் இருக்கும் என்பார்கள். அவர் 1811இல் இறந்த பிறகு மகன் சாமுவேல் ஃபீல்டும் அதே தொழிலைச் செய்தார், ஆகவே ஒரு சோபாவில் பழக்கூடையைக் கண்டவுடன் அப்பா பெயரைச் சொல்லிவிடுகிற பழைய பழக்கத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இத்தனைக்கும் காசு கடலிலிருந்து வந்தது. அமெரிக்கக் கப்பல் ஒன்று 1784 கடைசியில் புதுச்சேரிக்கே வந்துவிட்டது, அப்புறம் சேலத்துக் கப்பல்கள் சென்னை, கல்கத்தா என்று ஓடின. 1807 டிசம்பரில் ஜனாதிபதி ஜெஃபர்சன் போட்ட வணிகத் தடை அந்த ஓட்டத்தை நிறுத்தியபோது பட்டறைகளும் சேர்ந்து அடிவாங்கின. கப்பல் முதலாளி டெர்பிக்காக மெக்கின்டயர் கட்டிய மாளிகை 1799இல் முடிந்தது, அதே வருஷம் டெர்பி இறந்தார், 1815இல் அதை இடித்தே விட்டார்கள். இன்று அந்த இடம் டெர்பி சதுக்கம், பழைய நகர மண்டபம் நிற்கிறது. மகளின் ஓக் ஹில் நின்ற நிலத்தில் இப்போது ஒரு ஷாப்பிங் மால். அதைப் பார்க்க நான் போகவில்லை.