கயிறா பாம்பா?

ஞாயிறு சாயங்கால மொட்டை மாடி வகுப்பு. பைதான்ங்கிற புரோகிராமிங் மொழியில 0.1 + 0.2 அடிச்சுக் காட்டினேன். வந்தது 0.30000000000000004. பசங்களுக்கு ஒரே சிரிப்பு. பைனரியில (கம்ப்யூட்டர் எண்களை எழுதுற முறை) 0.1-ஐ முழுசா எழுத முடியாதுடா, 1/3-ஐ நாம 0.333ன்னு இழுக்கிறோமே, அந்த மாதிரின்னேன்.

ரிட்டயர்டு வாத்தியார் விடல. "அப்ப கண்ணுல தெரியறதெல்லாம் நிஜமில்லைங்கிறீங்களா தம்பி?" அவ்வளவுதான், பைதான் ஓரமாப் போச்சு. ஒரு மணி நேரம் சங்கரரோட அத்வைதம், இருட்டுல பாக்கறது கயிறா பாம்பா! (பைதான்னு பேர் வந்ததும் பாம்பால இல்ல, பிரிட்டிஷ் டிவி காமெடியால. சொன்னேன், யாரும் கேக்கல.)

கிளம்பும்போது கீழ்வீட்டு அக்கா மெதுவா, "யூபிஐல காசு வாங்குறதுக்கும் பின் நம்பர் போடணுமா?"

"வேணாம்க்கா, அனுப்பத்தான் பின்."

"போன வாரமே கேட்டிருக்கணும். ரெண்டாயிரம் போச்சு."

அடுத்த ஞாயிறு முதல்ல போன்தான். சங்கரர் காத்திருக்கட்டும்.