கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு?

ஓமோன் சிகிச்சையில் இருக்கும் திருநங்கைகளும் திருநம்பிகளும் இரத்தப் பரிசோதனை றிப்போட்டைப் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பி, "அளவு சரியோ?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. படத்தில் ஒரு எண் இருக்கும். பக்கத்தில் லாப் அச்சடித்த எல்லை இருக்கும். கடைசிக் குளிசை எத்தனை மணிக்குப் போட்டது, ஊசி போட்டு எத்தனை நாள் என்பது மட்டும் இருக்காது. அது தெரியாமல் அந்த எண்ணை வைத்து எவரும் ஒன்றும் சொல்ல ஏலாது. கொழும்பில் இருக்கும் பெரிய நிபுணராலும் ஏலாது.

திருநங்கைகள் எடுக்கும் பெண் ஓமோனான ஈஸ்ட்ரடையோல் குளிசையை நாக்குக்குக் கீழே கரைய விட்டால், ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு ஏறி, சில மணித்தியாலங்களில் வேகமாக இறங்கிவிடும். விழுங்கினால் ஏற்றமும் மெதுவு, இறக்கமும் மெதுவு. அதனால் ஒரே ஆள், ஒரே நாள், ஒரே மருந்து என்றாலும், காலை எட்டுக்குக் கரைய விட்டு ஒன்பதுக்கு இரத்தம் கொடுத்தால் "கூடிப்போச்சு" என்று வரலாம். பின்னேரம் கொடுத்தால் "காணாது" என்று வரலாம். முதலாவதைப் பார்க்கிற வைத்தியர் மருந்தைக் குறைப்பார், இரண்டாவதைப் பார்க்கிறவர் கூட்டுவார். நேரம் அவர்களுக்குச் சொல்லப்படாததால் வந்த வினை இது.

குளிசை எடுக்கிறவர்களுக்குச் சுலபமான வழி, காலைக் குளிசையைப் போடாமல் லாப்புக்குப் போய், இரத்தம் கொடுத்துவிட்டு வந்து போடுவது. ஒவ்வொரு முறையும் அப்படியே செய்தால்தான் பழைய றிப்போட்டோடு ஒப்பிடலாம். திருநம்பிகள் எடுக்கும் ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டெரோனை எனந்தேற் ஊசியாகப் போட்டால் இரண்டு ஊசிகளுக்கு நடுவில் பார்க்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போடுகிறவருக்கு அது ஏழாம் நாள். கடைசி இரண்டு மூன்று நாட்களில் சோர்வும் எரிச்சலும் வருகிறதென்றால், அடுத்த ஊசிக்கு முதல் நாளும் ஒருதரம் பார்ப்பது நல்லது. நடுவில் சரி, கடைசியில் தாழ்வு என்று வந்தால் மொத்த அளவைக் கூட்டத் தேவையில்லை. அதையே பாதியாக்கிக் கிழமைக்கு ஒருமுறை போடலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். பன்னிரண்டு கிழமைக்கு ஒருமுறை போடும் 1000 மில்லிகிராம் டெஸ்டோஸ்டெரோன் அண்டெக்கனோவேற் ஊசியில், அடுத்த ஊசிக்குச் சற்று முன்னர் பார்ப்பதுதான் முறை. டெஸ்டோஸ்டெரோன் ஜெல் பூசுகிறவர்கள் பூசி இரண்டு மணித்தியாலமாவது கழிய வேண்டும், ஜெல் படாத கையில்தான் இரத்தம் எடுக்க வேண்டும். பூசின தோலில் ஊசி குத்தினால் அங்கே கிடக்கிற மருந்தும் மாதிரியில் கலந்து, எண் பொய்யாக உயரும். இரத்தம் எடுக்கிறவருக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம், நீங்களே சொல்லுங்கள்.

எட்ட வேண்டிய அளவு எது? உலகம் முழுவதும் வைத்தியர்கள் பாவிக்கும் அமெரிக்க அகஞ்சுரப்பியியல் சங்கத்தின் 2017 வழிகாட்டி, திருநங்கைகளுக்கு ஈஸ்ட்ரடையோல் மில்லிலீற்றருக்கு 100 முதல் 200 பிக்கோகிராம், டெஸ்டோஸ்டெரோன் டெசிலீற்றருக்கு 50 நனோகிராமுக்குக் கீழ் என்கிறது. திருநம்பிகளுக்கு ஊசிகளின் நடுவில் டெஸ்டோஸ்டெரோன் டெசிலீற்றருக்கு 400 முதல் 700 நனோகிராம். ஆனால் லாப்புக்கு லாப் அலகு மாறும். ஈஸ்ட்ரடையோலை லீற்றருக்குப் பிக்கோமோலில் தந்தால் 3.67ஆல் வகுங்கள், மில்லிலீற்றருக்குப் பிக்கோகிராம் வரும். டெஸ்டோஸ்டெரோன் டெசிலீற்றருக்கு 50 நனோகிராம் என்பது இன்னொரு லாப்பில் மில்லிலீற்றருக்கு 0.5 நனோகிராம் என்று வரும், வேறொன்றில் லீற்றருக்கு 1.7 நனோமோல் என்று வரும். மூன்றும் ஒன்றுதான். அலகைப் பார்க்காமல் பயந்து மருந்தை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முடிந்தவரை ஒரே லாப்பில் செய்யுங்கள். லாப்புக்கு லாப் பரிசோதிக்கும் முறையும் வேறுபடலாம், குறைந்த டெஸ்டோஸ்டெரோனை அளப்பதில் சாதாரண முறைகள் அவ்வளவு துல்லியமும் இல்லை.

இந்த இரத்தப் பரிசோதனை முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை போதும். மார்பு வளர்ச்சி நிறைவடைய இரண்டு மூன்று வருடம் எடுக்கும். ஈஸ்ட்ரடையோலை 400 பிக்கோகிராமுக்கு ஏற்றினால் அது விரைவாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

முடி கொட்டுகிறதென்று பாமசியில் வாங்கும் பயோட்டின் குளிசைகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் என்று பெட்டியில் இருக்கும். பல ஓமோன் பரிசோதனைகள் பயோட்டினைக் கொண்டே இயங்குகிறவை. உடலில் அது நிறைய இருந்தால் ஈஸ்ட்ரடையோலும் டெஸ்டோஸ்டெரோனும் பொய்யாகக் கூடிக் காட்டலாம், தைரொயிட்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டலாம். இரத்தம் கொடுக்கக் குறைந்தது இரண்டு நாளைக்கு முன் நிறுத்துங்கள், எடுக்கிற விஷயத்தை வைத்தியருக்கும் சொல்லுங்கள்.

இதைவிட ஆபத்தானது கருத்தடைக் குளிசை. வைத்தியரிடம் போக வெட்கப்பட்டோ பயந்தோ, எந்தப் பாமசியிலும் கிடைக்கும் மிதுரி போன்ற குளிசையை நாளுக்கு மூன்று நாலு என்று போடுகிற தங்கச்சிமார் இங்கே இருக்கிறார்கள். அதில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ரடையோல். ஈரல் அதை இலகுவில் உடைக்காது. அது ஈரலில் தங்கி இரத்தம் உறையச் செய்யும் புரதங்களைக் கூட்டும், காலிலும் நுரையீரலிலும் இரத்தக்கட்டி அடைக்கும் ஆபத்தை உயர்த்தும். சிகரெட் பிடித்தால் இன்னும் கூடும். இதில் இன்னொரு பொறி இருக்கிறது. சாதாரண ஈஸ்ட்ரடையோல் பரிசோதனையில் இது தெரியாது. நாளுக்கு நாலு குளிசை போட்டாலும் றிப்போட்டில் எண் தாழ்வாகவே வரும். உண்மை தெரியாத வைத்தியர், "ஓமோன் காணாது" என்று அதற்கு மேல் ஈஸ்ட்ரடையோலும் எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வைத்தியரிடம் மறைக்கும் மருந்துதான் ஆளைக் கொல்லக்கூடிய மருந்து.

டெஸ்டோஸ்டெரோனை அடக்க ஸ்பைரனோலக்டோன் எடுப்பவர்கள் பொட்டாசியம், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேற்றினின் இரண்டையும் முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த மருந்து பொட்டாசியத்தை உடலில் தேக்கும், சிறுநீரையும் கூட்டும். சித்திரை வைகாசி வெயிலில் உடல் வறண்டு, தாகத்துக்கு இளநீர் மேல் இளநீர் குடித்து, வயிற்றோட்டம் வந்தால் ஜீவனியும் கரைத்துக் குடித்தால் பொட்டாசியம் மூன்று பக்கத்தாலும் ஏறும். பிரஷருக்கு லொசார்ட்டனோ எனலாப்பிரிலோ எடுப்பவருக்கு இன்னும் கவனம் வேண்டும். பொட்டாசியம் கூடினால் பெரும்பாலும் அறிகுறி தெரியாது, தெரியும்போது இதயத் துடிப்பில்தான் தெரியும். இளநீரை வாழ்நாளுக்கும் விடச் சொல்லவில்லை. அளவாகக் குடியுங்கள், பரிசோதனையைத் தவற விடாதீர்கள்.

டெஸ்டோஸ்டெரோனை அடக்கும் இன்னொரு மருந்தான சைப்ரோட்டெரோன் என்றால், 2022இல் வந்த உலகத் திருநர் சுகாதாரச் சங்கத்தின் எட்டாம் பதிப்பு வழிகாட்டி நாளுக்கு 10 மில்லிகிராம் போதும் என்கிறது. 50 மில்லிகிராம் குளிசைதான் கிடைக்கிறதென்றால் நாலாக வெட்டி ஒரு துண்டு, 12.5 மில்லிகிராம், ஏறக்குறைய அந்த அளவுதான். அளவு கூடக் கூட, காலம் நீள நீள, மூளையுறையில் கட்டி வரும் ஆபத்து ஏறுகிறது என்று ஐரோப்பிய மருந்து முகவரகம் 2020இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இன்னும் நாளுக்கு 50 அல்லது 100 எடுக்கிறவர்கள் அடுத்த கிளினிக்கில் இதைக் கதைக்க வேண்டும்.

திருநம்பிகள் பார்க்க வேண்டியது ஹீமட்டோகிறிற், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை வீதம் என்பது. 54 வீதத்தைத் தாண்டினால் டெஸ்டோஸ்டெரோனைக் குறைக்கவோ இடைநிறுத்தவோ வேண்டி வரும். ஆனால் முதல் நாள் தண்ணீர் குடிக்காமல் போய் இரத்தம் கொடுத்தாலும் எண் ஏறும். படிவத்தில் பால் "பெண்" என்று இருந்தால் லாப் பெண்ணின் எல்லையை அச்சடித்து, 47 வீதத்தையே "அதிகம்" என்று குறித்துத் தரும். டெஸ்டோஸ்டெரோன் எடுக்கும் ஒருவருக்கு ஆணின் எல்லையோடுதான் அதை ஒப்பிட வேண்டும். மாதவிடாய் நின்றுவிட்டதென்பதற்காக டெஸ்டோஸ்டெரோனைக் கருத்தடை என்று நம்ப வேண்டாம். அது கருத்தடை அல்ல, கருவுக்குக் கேடும் செய்யும். சஸ்டனோன் என்ற டெஸ்டோஸ்டெரோன் ஊசியில் நிலக்கடலை எண்ணெய் இருக்கிறது. கச்சான் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலே சொல்ல வேண்டும்.

இனி வைத்தியரோடு கதைப்பது. கிளினிக்கில் உங்களுக்குக் கிடைக்கப்போவது சில நிமிடம். அதனால் வாயால் சொல்லத் தொடங்காமல், ஒரு பக்கத் தாளை முதலில் நீட்டுங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், நாளுக்கு எத்தனை தரம், எப்போதிருந்து, இரத்தம் கொடுத்த திகதியும் நேரமும், அதற்கு முன் கடைசியாக மருந்து எடுத்த நேரம், பீடியோ மதுவோ உண்டா, குடும்பத்தில் இரத்தக்கட்டி வந்ததா, இவ்வளவும் அதில் இருந்தால் போதும். தானாக வாங்கி எடுத்ததையும் எழுதுங்கள். "டொக்டர், நான் ஏற்கனவே ஆறு மாசமா இதை எடுக்கிறன், பாதுகாப்பா எடுக்க உங்கட உதவி வேணும்" என்று சொன்னால், ஏசுகிற வைத்தியர்கூடப் பெரும்பாலும் பரிசோதனையை எழுதித் தருவார்.

திருநரை முன்பு பார்த்திராத வைத்தியருக்கும் இந்த மருந்துகள் புதிதல்ல. ஈஸ்ட்ரடையோலை மாதவிடாய் நின்ற பெண்களுக்கும், ஸ்பைரனோலக்டோனை இதய நோயாளருக்கும், டெஸ்டோஸ்டெரோனைச் சுரப்பு இல்லாத ஆண்களுக்கும் அவர்கள் எழுதித்தான் வருகிறார்கள். தயக்கம் பெரும்பாலும் இலக்கு எது என்று தெரியாததில் இருக்கிறது. மேலே சொன்ன இரண்டு வழிகாட்டிகளும் இணையத்தில் இலவசம். அளவு அட்டவணை உள்ள பக்கத்தை மட்டும் அச்சடித்துக் கொண்டுபோங்கள். "இதையும் ஒருக்காப் பாத்துச் சொல்லுவீங்களோ?" என்று கேட்பது, "இப்பிடித்தான் எழுத வேணும்" என்பதை விட வேலை செய்யும். திருநராக இருப்பதை மனநோய் என்று சொல்கிறவருக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி. பதினோராம் பதிப்பு அதை மனநோய்ப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டது என்று மரியாதையாகச் சொல்லலாம். தன்னால் முடியாது என்றால், வேறு நிபுணருக்குக் கடிதம் எழுதித் தரும்படி கேளுங்கள். வெறுங்கையோடு வெளியே வர வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரடையோல் குளிசையையும் டெஸ்டோஸ்டெரோனை அடக்கும் மருந்தையும் ஒன்றாக மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது. மாற்றத்துக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு கிழமை விட்டு அளவிடலாம். அதற்கிடையில் நீங்களாகக் கூட்டிக் குறைத்தால் அந்தப் பரிசோதனைக் காசு வீண்.

யாழ்ப்பாணம் சின்ன இடம். போதனா வைத்தியசாலை வரிசையில் பக்கத்து வீட்டு மாமி இருப்பா, பாமசியில் கூடப் படித்தவர் நிற்பார். பதியும்போதே தாதியிடம் மெதுவாக, "மிஸ், பேரைக் கூப்பிடாம நம்பரைக் கூப்பிடுவீங்களோ?" என்று கேளுங்கள். சனல் பண்ணிப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, காசுதான் கூட. மருந்தைச் சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிளினிக் கொப்பி, கடிதம், றிப்போட் எல்லாவற்றுக்கும் பிரதி வைத்திருங்கள். 2016 சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கையின்படி பாலினத்தை அங்கீகரிக்கும் சான்றிதழை உளநல வைத்திய நிபுணரிடம் பெற்று, பிறகு பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் மாற்றப் போகும்போது இந்தத் தாள்கள் உதவும். அட்டையில் "ஆண்" என்று மாறிய பிறகும், கருப்பை இருந்தால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குப் பார்க்கும் பப் பரிசோதனையை நீங்களே ஞாபகப்படுத்த வேண்டும். திருநங்கைகளுக்குப் புரொஸ்ரேற் சுரப்பி இருப்பதையும் அப்படியே ஞாபகப்படுத்த வேண்டும்.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும், திடீரென்று மூச்சு முட்டினாலும், நெஞ்சு குத்தினாலும் அடுத்த கிளினிக் வரை பொறுக்க வேண்டாம். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எடுக்கும் ஓமோனின் பெயரை முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். வீட்டு ஆக்கள் பக்கத்தில் நின்றாலும் சொல்லுங்கள்.

2022இல் நாட்டில் மருந்து தட்டுப்பட்டதை எல்லோரும் கண்டோம். ஒரு மாதத்துக்கான மருந்தை எப்போதும் கையிருப்பில் வையுங்கள், யன்னல் வெயில் படாத இடத்தில். வழக்கமான மருந்து இல்லையென்று வேறொன்று தந்தால், பெட்டியில் வலரேற் என்று இருக்கிறதா பாருங்கள். ஈஸ்ட்ரடையோல் வலரேற் 2 மில்லிகிராமில் உண்மையான ஈஸ்ட்ரடையோல் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம்தான். மாறினால் அளவும் கொஞ்சம் மாறும். மாறிய திகதியைக் கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த கிளினிக்கில் காட்டுங்கள்.