11 பெடலும் ஒரு காலும்

மூன்றாவது பாட்டில் சோலோவுக்கு இரண்டு பார் முன்னால் கிதார் ஊமையாகிவிட்டது. காலால் மிதித்து கிதார் ஒலியை மாற்றும் பெடல்களில் விளக்கு எரிகிறது, ஒலிபெருக்கியான ஆம்பும் உயிரோடுதான் இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. கீபோர்டு வாசிப்பவர் நிலைமையைப் புரிந்துகொண்டு என் சோலோவை அவர் வாசிக்க ஆரம்பிக்க, நான் மேடையில் முழங்காலிட்டு செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு வயராக ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது பெடல்களை வரிசையாக அடுக்கிய என் போர்டில் 11 பெடல். கிதாரிலிருந்து ஆம்ப் வரை 12 கேபிள், 24 பிளக், இதில் ஒன்று கெட்டாலும் மொத்தமும் போச்சு. அன்று கெட்டது கோரஸ், ஃபேசர் என்ற இரண்டு பெடலுக்கு நடுவே இருந்த விரல் நீள பேட்ச் கேபிள், உள்ளே சால்டர் விட்டிருந்தது. அந்த இரண்டு பெடலையும் அன்று முழுக்க நான் ஒருமுறைகூட மிதிக்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

அடுத்த நாலு நிகழ்ச்சிக்கு, பாட்டு வரிசை எழுதிய தாளிலேயே எந்தப் பாட்டில் எதை மிதித்தேன் என்று பென்சிலால் குறித்துவைத்தேன். ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவும் எதிரொலி தரும் டிலேயும் எல்லாப் பாட்டிலும் வந்தன, வா பெடல் ஒரே ஒரு பாட்டில் சில வினாடி, கோரஸ் எங்குமே இல்லை. அது ரொம்ப நாளாகவே அங்கே இருந்தது, அழகாகவும் இருந்தது, அவ்வளவுதான்.

அதனால் போர்டைக் குறைக்க ஆரம்பித்தேன். கழற்றியதில் மனசு கேட்காதது ஃபஸ் மட்டும், அது ஒலியை முரட்டுத்தனமாகச் சிதைக்கும் பெடல். ஆனால் பழைய வகை ஃபஸ்ஸுக்கு முன்னால் பஃபர், அதாவது நீள வயரிலும் சிக்னல் மங்காமல் அனுப்பும் சர்க்யூட், இருந்தால் பிடிக்காது. கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் கிதாரின் பிக்கப்போடு நேரடியாகச் சேர்ந்தால்தான் அதன் குணமே வெளியே வரும், நடுவில் பஃபர் வந்தால் தகரத்தைத் தட்டுவதுபோல ஆகிவிடும். எனக்கோ நீளக் கேபிளில் மேல்ஸ்தாயி மங்காமல் இருக்க முதலிலேயே பஃபர் உள்ள ட்யூனர் தேவைப்பட்டது. சரி, ஃபஸ் வீட்டில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கரகரப்பு தரும் மூன்று டிரைவ் பெடலை ஒன்றாக்கியதில்தான் நிஜமாகக் கற்றுக்கொண்டேன். மிதமான ஓவர்டிரைவ் ஒன்றைப் போட்டுவிட்டு கிதாரின் வால்யூமை 6-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட சுத்தமான ஒலி, 10-க்கு ஏற்றினால் கரகரப்பு. இத்தனை வருஷம் காலால் செய்துகொண்டிருந்ததைச் சுண்டுவிரல் செய்கிறது. சோலோவுக்கு சிக்னலை ஏற்றிக்கொடுக்கும் பூஸ்ட் பெடல். இதை முதலில் ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்துவிட்டு, மிதித்தும் சத்தம் ஏறவில்லையே என்று ஒரு வாரம் குழம்பினேன். முன்னால் வைத்தால் கரகரப்புத்தான் கூடும், கூட்டத்துக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் ஏற வேண்டுமென்றால் பின்னால்தான் இருக்க வேண்டும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, ட்ரம்ஸ் பக்கத்தில் நிற்கும்போதுதான் தெரியும்.

கடைசியில் மிஞ்சியது ட்யூனர், ஓவர்டிரைவ், பூஸ்ட், டிலே, ரிவர்ப். முன்பு எல்லாவற்றுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து டெய்சி செயின், அதாவது பல கிளையாகப் பிரியும் ஒரே மின்சார வயர். டிஜிட்டல் டிலே அதில் சேர்ந்ததிலிருந்து கொசு பறப்பதுபோல ஒரு கீச்சொலி கூடவே வரும். ஒவ்வொரு அவுட்டும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளைக்கு மாறியதும் கொசு போய்விட்டது. பெடல் வாங்குகிற காசில் பாதியை முதலிலேயே இதற்குப் போட்டிருக்கலாம்.

டிலேயில் டேப் டெம்போ, அதாவது காலால் தட்டும் வேகத்துக்கு எதிரொலியை அமைக்கும் வசதி, இருப்பதால் குனிந்து திருக வேண்டியதில்லை. 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்) பாட்டென்றால் ஒரு பீட்டுக்கு 500 மில்லி செகண்டு, புள்ளி வைத்த எட்டாம் நோட்டு, அதாவது முக்கால் பீட், வேண்டுமென்றால் 375, காலால் நாலு தட்டு தட்டினால் அதுவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடிக்கடி மிதிக்கிறவை முன்வரிசையில், நடுவில் என் ஷூ அகலத்துக்கு இடைவெளி; ட்யூனர் மூலையில். சரியான இடத்தில் இருக்கும் குமிழ்களுக்கு வெள்ளை நெயில் பாலிஷில் ஒரு கோடு, வண்டியில் வரும்போது உருண்டாலும் இருட்டில் திரும்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு நீளக் கேபிள் எப்போதும் ஆம்ப் மேல் கிடக்கும். ஏதாவது ஆனால் போர்டையே விட்டுவிட்டு நேராகச் செருகிக்கொள்வேன், தேடுவதெல்லாம் அப்புறம்.

கோரஸ் எங்கே போச்சு என்று இதுவரை ஒருவர்தான் கேட்டார். எங்கள் பேஸ் வாசிப்பவர். சும்மாதானே கிடக்கிறது, எனக்குக் கொடுங்கள் என்கிறார்.